கரகரப்பின் அசலும் நகலும்

எலக்ட்ரிக் கிட்டார் பழகத் தொடங்கியிருக்கும் ஒரு பையன், கையில் ஐயாயிரத்துக்கும் குறைவான பணத்தை வைத்துக்கொண்டு, முதல் ஃபஸ் பெடல் எதை வாங்குவது என்று கேட்டால் அவனுக்குக் கிடைக்கும் பதில்கள் எல்லாம் ஒரே பிரதியின் வெவ்வேறு படிகள்தாம். கடைக்காரரின் விவரக் குறிப்பு, இசைக்கருவிப் பத்திரிகையின் மதிப்புரை, பெடல்களைப் போட்டுக் காட்டும் காணொளி என எதை எடுத்தாலும் இந்தப் பிரதியின் இலக்கணம் மாறுவதில்லை. முதலில் ஓர் ‘அசல்’ நிறுவப்படும். அது 1960களில் லண்டனிலோ நியூயார்க்கிலோ செய்யப்பட்டிருக்கும், உள்ளே ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் இருக்கும், இப்போது சாதாரணமானவர் கைக்கு எட்டாது. பிறகு மற்றவையெல்லாம் அந்த அசலுக்கு எவ்வளவு கிட்டத்தில் நிற்கின்றன என்று பார்த்து வரிசைப்படுத்தப்படும். வரிசையின் அடியில், ‘ஆரம்பிக்கிறவர்களுக்கு இது போதும்’ என்கிற தலைதடவலோடு ஒரு மலிவுப் பெட்டி. இந்தப் ‘போதும்’தான் என்னை உறுத்துகிறது. யாருக்கு எது போதும் என்று சொல்கிற அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

பாலக்கோட்டில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசுவது சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். தக்காளி மண்டியும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் உள்ள ஊர். தக்காளி விலை விழுந்த வாரத்தில் பெட்டி பெட்டியாக ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிறவர்களின் வீட்டுப் பிள்ளைகள்தான் இங்கே கிட்டாரும் வாங்குகிறார்கள். என் அக்கா பையன் கேட்டான்: “மாமா, நல்லது வாங்கணும்னா பணம் சேர்த்துட்டு வாங்கச் சொல்றாங்க. மட்டமானது வாங்குனா காசு வேஸ்ட்டாம். நெஜமா?” இதில் அவனுடைய ஒரு வருடச் சேமிப்பு இருக்கிறது. அதைவிட முக்கியமாக, அவன் காதைப் பற்றி அவனுக்கே ஒரு சந்தேகம் உண்டாக்கப்பட்டிருக்கிறது. தான் கேட்டு ரசித்தது ‘உண்மையான’ ஒலியா என்று தெரிந்துகொள்ள வேறு யாரிடமோ அத்தாட்சி வாங்க வேண்டும் என்று ஒரு பதினெட்டு வயதுப் பையன் நினைப்பது சின்ன விஷயம் இல்லை.

ஃபஸ் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிட்டார்க் கம்பியின் அதிர்வு மின் அலையாகிறபோது அது ஏறி இறங்கும் குன்றுகளைப் போலிருக்கும். அதை அளவுக்கு மீறிப் பெருக்கினால் பெருக்கியின் எல்லையில் முட்டி, குன்றின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். வெட்டுப்பட்ட இடத்தில், மூல ஸ்வரத்தில் அவ்வளவாக இல்லாத மேல் ஒலிகள் கூட்டமாகப் பிறக்கின்றன. காதில் விழுவது கரகரப்பு. இன்னொன்றும் நடக்கிறது. கம்பியின் அதிர்வு குறையத் தொடங்கிய பின்னும் வெட்டுப்பட்ட அலையின் உயரம் உடனே குறைவதில்லை. ஆகவே ஒலி நெடுநேரம் நிற்கிறது. தட்டினால் தேய்ந்துபோகும் கருவி, வில் போட்டு இழுத்தது போலவும் காற்று ஊதியது போலவும் ஆகிவிடுகிறது.

சரி, இதில் அசல் எது? 1961இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொர்ரி’ என்ற பாட்டில் கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு கம்பி பேஸ் கிட்டார், கோளாறான ஒரு ஒலிக்கலவைப் பலகையின் வழியாகப் போய்க் கரகரத்துவிட்டது. அதை அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்யாமல் அப்படியே விட்டார்கள். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி பிறகு அந்தக் கோளாறை வேண்டுமென்றே உண்டாக்கும் ஒரு மின்சுற்றைத் தயாரிக்க, கிப்ஸன் கம்பெனி அதை 1962இல் ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெயரில் விற்றது. அதற்கும் முன்பே லிங்க் ரே தன் ஸ்பீக்கர் காகிதத்தைப் பென்சிலால் குத்தி ஓட்டை போட்டிருந்தார். 1964இல் டேவ் டேவிஸ் பிளேடால் கிழித்தார். ஆக, அசல் என்று தேடிப் போனால் கிடைப்பது ஒரு பழுதான பலகையும், ஓட்டை ஸ்பீக்கரும், ஒரு பிளேடும். இதுவும் போதாதென்று, ஃபஸ்-டோன் தன்னை ஒரு கிட்டார் ஒலியாகவே விற்றுக்கொள்ளவில்லை. ஊதுகருவிகளைப் போலவும் வில்வாத்தியங்களைப் போலவும் ஒலிக்கும் என்றுதான் விளம்பரம். 1965இல் ‘சாடிஸ்ஃபாக்ஷன்’ பாட்டில் கீத் ரிச்சர்ட்ஸ் அதைப் போட்டு வாசித்ததுகூட, பின்னால் வரவிருந்த ஊதுகருவிகளுக்கு இடம் பிடித்து வைக்கத்தான். கடைசியில் பிரம்பு வைத்த இடத்தில் ராஜாவே உட்கார்ந்ததுபோல, மாதிரியே பாட்டாகிவிட்டது.

வால்டர் பெஞ்சமின் 1930களில், இயந்திரப் பிரதியாக்கத்தின் காலத்தில் கலைப்படைப்பைச் சுற்றியுள்ள ஒளிவட்டம் வாடிவிடும் என்றார். பெடல் சந்தையில் நடந்தது நேர் எதிரானது. பிரதியெடுக்கவே செய்யப்பட்ட ஒரு தகரப் பெட்டியைச் சுற்றி, ஐம்பது வருஷம் கழித்து, ஒளிவட்டம் வரைந்திருக்கிறார்கள். 1966இல் லண்டனில் ஆர்பிட்டர் கம்பெனி வெளியிட்ட ஃபஸ் ஃபேஸைத் திறந்து பாருங்கள். இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், திருகுவதற்கு இரண்டு குமிழ். மொத்தம் பதினொரு உதிரிப் பாகம். அதன் வட்டமான கூடு, மைக் ஸ்டாண்டின் அடித்தட்டைப் பார்த்துச் செய்யப்பட்டது. புனிதப் பொருளின் பீடம் ஒரு மைக் ஸ்டாண்டின் கால் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

மைக் என்றதும் மைக் செட்டுக்கு வரலாம். இந்தக் கட்டுரையில் நான் உண்மையில் பேச விரும்புவது இதைத்தான். பாலக்கோட்டுப் பகுதியில் வளர்ந்த எவருக்கும் முதல் ஃபஸ் ஒரு கடையிலிருந்து வருவதில்லை. ஆடி மாசம் அம்மன் பண்டிகைக்குப் புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் வந்துவிட்டது. கல்யாணம், காதுகுத்து, சாவு என எல்லாவற்றுக்கும் சவுண்ட் சர்வீஸ்காரர் ஆம்ப்ளிஃபையரின் குமிழைக் கடைசி வரை திருகிவைப்பார். எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் உச்சி வெட்டுப்பட்டு, மூன்று காடு தாண்டி, கொல்லையில் களை எடுப்பவர் காதில் விழும். அது மின்னியல் ரீதியில் ஃபஸ் பெடல் செய்கிற அதே வேலை. அங்கே பெருக்கியும் குழாயும் எல்லையில் முட்டுகின்றன, இங்கே இரண்டு டிரான்சிஸ்டர் முட்டுகிறது. வெறும் தொழில்நுட்பத் தற்செயல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கரகரத்த குரலோடு பண்டிகையை, கூட்டத்தை, ராத்திரி விழிப்பைச் சேர்த்து அர்த்தப்படுத்தப் பழகிய காது அது. தெருக்கூத்தில் முகவீணை பிளிறுவதும், உருமியில் வளைந்த குச்சியைத் தேய்க்கிறபோது எழும் முனகலும் அந்தக் காதுக்குள் முன்பே இருக்கின்றன.

ஆனால் சபாவுக்குள் போனால் வேறு கணக்கு. நாதம்/இரைச்சல் என்கிற இருமை எதிர்வு அங்கே கறாராகக் காக்கப்படுகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த நாதத்தின் நடுவிலேயே ஒரு ஃபஸ் உட்கார்ந்திருக்கிறது. தம்பூராவில் குதிரைக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு பஞ்சு நூலைச் செருகி, கம்பி குதிரையை லேசாக உரசும்படி செய்கிறார்கள். அந்த உரசலால்தான் மேல் ஒலிகள் கிளம்பித் தம்பூரா ‘ஙொய்’யென்று நிறைகிறது. நூலை எடுத்துவிட்டால் மொட்டையான ‘டொங்’தான். அந்த நூலுக்கு வைத்திருக்கும் பெயர் ஜீவா. அதாவது, சுத்தமான ஒலியை வேண்டுமென்றே கெடுக்கிற பொருளுக்கு உயிர் என்று பெயர். தம்பூராவில் கெடுத்தால் ஜீவன், மைக் செட்டில் கெட்டால் சத்தம், பறையில் பிறவியிலேயே சத்தம். தீயில் காய்ச்சி நுணுக்கமாகப் பதம் பார்த்து முறுக்கேற்றப்படும் ஒரு தோலின் ஒலியை இசையென்று ஒப்புக்கொள்ளாமல் ‘அடி’ என்றே பேசி வந்திருக்கிற ஒரு சமூகத்தில், ஒலியின் தரம் என்பது வெறும் ஒலியின் தரம் இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

ஜாக் அத்தாலி 1977இல் ‘இரைச்சல்’ என்றே தலைப்பிட்டு எழுதிய நூலில், எது இசை எது இரைச்சல் என்று பிரிப்பது அதிகாரத்தின் வேலை என்றார். அதில் எனக்கு உடன்பாடுதான். இரைச்சல் வரப்போகும் சமூகத்தின் முன்னறிவிப்பு என்று அவர் தாவுகிற இடத்தில் கொஞ்சம் நின்றுகொள்கிறேன். சிகரெட் கம்பெனியின் தயவில் நடந்த சிம்லா பீட் போட்டியின் 1970, 1971ஆம் ஆண்டு இசைத்தட்டுகளில் இந்திய இளைஞர்களின் ஃபஸ் கிட்டார் முழங்குகிறது. அது எந்தச் சமூகத்தையும் முன்னறிவிக்கவில்லை, சிகரெட்டை விற்றது. இரைச்சல் தன்னளவில் கலகம் ஆகிவிடாது. யாரோடு சேர்ந்து யார் முன்னால் ஒலிக்கிறது என்பதுதான் கேள்வி. 2018 ஜனவரியில் சென்னையில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது பறையும் கானாவும் எலக்ட்ரிக் கிட்டாரும் ஒரே வரிசையில் நின்றன. அந்த வரிசையில் நிற்கிற கிட்டாருக்கு என்ன பெடல் வேண்டும் என்பதையும், லண்டன் அசலுக்கு எது கிட்டத்தில் வருகிறது என்பதையும் ஒரே கேள்வியாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இங்கிருந்து வாங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். மதிப்புரைகள் கேட்க மறக்கும் முதல் கேள்வி: என்ன வாசிக்கப் போகிறீர்கள்? ஃபஸ்ஸில் இரண்டு ஸ்வரத்தைச் சேர்த்து வாசித்தால் அவை தனித்தனியாக வெட்டுப்படுவதில்லை. ஒன்றோடொன்று மோதி, கூட்டலிலும் வித்தியாசத்திலும் புது ஒலிகளைப் பெறுகின்றன. சட்ஜமும் பஞ்சமமும் 2:3 விகிதம். வித்தியாசம் 1. அதாவது கீழ் ஸ்தாயிச் சட்ஜமே தானாகப் பிறந்து அடியில் நிற்கும். ராக்காரர்கள் பவர் கார்டு என்று கொண்டாடுவது இந்த ச-ப ஜோடியைத்தான். காந்தாரத்தையும் சேர்த்து முழுக் கார்டாகப் பிடித்தால், கிட்டாரின் சமப்படுத்திய சுருதியில் காந்தாரம் சற்று விலகி நிற்பதால், அடியில் பிறப்பது ஒத்துவராமல் கலங்கிவிடும். மேற்கத்தியக் கார்டு இசைக்கு இது தொந்தரவு. ஒற்றை ஸ்வர வரிசையும் சுருதியும் என்று இருக்கிற நம் இசைக்கு? ஒரு கம்பியைச் சுருதியாக விட்டுவிட்டு இன்னொன்றில் கமகம் வாசிக்கிறவருக்கு ஃபஸ் கேட்காமலே தம்பூரா போடுகிறது. தட்டியதும் தேயாத ஒலி கமகத்தை முடிகிறவரை தாங்குகிறது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் அந்தச் சின்ன வாத்தியத்தை ஐந்து கம்பியாக்கி மின்மயமாக்கியபோது அவருக்கும் வேண்டியிருந்தது இப்படி நிற்கிற ஒலிதான். அவர் அதைத் தெளிந்த தொனியிலேயே சாதித்தார், அது வேறு வழி. நம் பையன்கள் கரகரப்பின் வழியாகவும் போய்ப் பார்க்கலாம்.

இரண்டாவது கேள்வி: எதில் வாசிக்கப் போகிறீர்கள்? ஃபஸ் ஃபேஸ் வகை, ஏற்கெனவே சத்தமாக ஓடிக் கொதித்துக்கொண்டிருக்கும் பெரிய ஆம்ப்ளிஃபையரை நம்பிப் பிறந்தது. அதை வீட்டில் வைத்திருக்கும் சின்னப் பத்து வாட் பெட்டியில் போட்டால் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரிதான் வரும். பையன் ‘நான் வாங்கினது மட்டம்’ என்று நினைத்துக்கொள்வான். அசலை வாங்கிப் போட்டாலும் அதே கடுகுதான். ஆனால் இந்த வகைக்கு ஓர் அழகு உண்டு. கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் கரகரப்பு அடங்கித் தொனி தெளிந்துவிடும், ஏற்றினால் மறுபடி பொங்கும். விரலே பெடலாகிவிடுகிறது. அது நடக்க வேண்டுமானால் கிட்டாரிலிருந்து வரும் கம்பி நேராக இதில்தான் செருகப்பட வேண்டும். இடையில் வேறு பெடல் ஏதும் நின்றால் இந்தப் பேச்சுவார்த்தை பெரும்பாலும் அறுந்துவிடும்.

பிக் மஃப் வகை வேறு குணம். நான்கு டிரான்சிஸ்டர், தொனிக் குமிழ் உண்டு, சின்ன ஆம்ப்ளிஃபையரிலும் தனியாக வாசித்தால் நிறைவாக இருக்கும். அறையில் கேட்டு மயங்கி வாங்கிவிட்டு மேடைக்குப் போனால் காணாமல் போய்விடும். காரணம், நடு ஒலிகளை அது குழித்துவிடுகிறது. அந்தக் குழியில் உருமியும் டிரம்ஸும் பாடுகிறவரும் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். இதன் கதையில் தமிழ்ச் சிறுபத்திரிகை வாசகர்களுக்குப் பரிச்சயமான ஒரு திருப்பம் உண்டு. நியூயார்க்கின் எலக்ட்ரோ-ஹார்மானிக்ஸ் 1969 வாக்கில் கொண்டுவந்த இந்தப் பெடலை, 1990களில் ரஷ்யாவில் சோவ்டெக் என்ற பெயரில் செய்வித்து மலிவாக விற்றார்கள். தடித்த தகரம், ராணுவப் பச்சை நிறம், பீரங்கியைப் போல ஒரு கட்டு. அப்போது காசில்லாதவர்கள் வாங்கியது. இப்போது சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள், விலை எங்கேயோ போய்விட்டது. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் புத்தகங்களை இரண்டு ரூபாய்க்கு வாங்கி, இன்று பழைய புத்தகக் கடையில் அவற்றின் விலையைக் கேட்டு மலைக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நேற்றைய ‘போதும்’ இன்றைய ‘அசல்’.

ஜெர்மானியமா சிலிக்கானா என்ற பெரும் விவாதத்தை இரண்டு வரியில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. ஜெர்மானியம் வெப்பத்துக்கு நெகிழும். சூடு ஏற ஏற அதன் கசிவு மின்னோட்டம் கூடி, காலையில் ஒரு தொனி, சித்திரை மத்தியானத்தில் தகரக் கூரையின் கீழ் வேறொரு தொனி. லண்டனின் குளிருக்கு ஏற்ற புனிதம் தர்மபுரி மாவட்டத்துக்கு ஏற்றுமதி ஆகாது. சிலிக்கான் சூட்டுக்கு அவ்வளவு அசையாது, தொனி கொஞ்சம் கூர்மை. ஃபஸ் ஃபேஸே பிற்பாடு பி.சி. 108 என்ற சிலிக்கான் டிரான்சிஸ்டருக்கு மாறியது, ஹென்ட்ரிக்ஸும் சிலிக்கானில் வாசித்தார். ஆனால் ஜெர்மானியம் வேண்டுமென்றே அடம் பிடிப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஃபஸ் ஃபேஸ் நகலெடுப்பவர்கள் உலகெங்கும் தேடும் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களில் ஏ.சி. 128 ஒன்று. நம் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களின் கடைசிக் கட்டத்தில், ஏ.சி. 127க்கு ஜோடியாக உட்கார்ந்திருப்பது அதுவேதான். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1962 முதல் ஜெர்மானியம் சாதனங்களைச் செய்துவந்தது. பாலக்கோட்டில் ரயிலேறினால் ராயக்கோட்டை, ஓசூர் தாண்டிப் போய்ச் சேர்கிற அதே பெங்களூர். ஊரில் எந்த ரேடியோ மெக்கானிக்கின் பரணிலும் செத்த ரேடியோக்கள் கிடக்கும். லண்டன் ஒளிவட்டத்தின் கருப்பொருள் எடைக்குப் போட வைத்திருக்கிற சாக்கில் இருக்கிறது என்றால், அந்த ஒளிவட்டம் எதன்மீது நிற்கிறது?

எல்லா ஏ.சி. 128உம் உதவாது, கசிவு அதிகமானவற்றைக் கழிக்க வேண்டும். அது பி.என்.பி. வகை என்பதால் மின்சாரத்தின் நேர், எதிர் முனைகள் தலைகீழாக வரும். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோத்துவிடக் கூடாது, தனி 9 வோல்ட் பேட்டரி போடுவது உத்தமம். இந்தத் தலைவலி வேண்டாமென்றால் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பி.சி. 547 ரகச் சிலிக்கான் டிரான்சிஸ்டர் இரண்டை வைத்துப் பதினொரு பாகத்தையும் பற்றவைத்துவிடலாம். சால்டரிங் தெரிந்தவர் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கூடும் ஜாக்கும் கால்சுவிட்சும்தான் செலவு. டிரான்சிஸ்டர்கள் இல்லை.

பற்றவைக்கப் பொறுமையில்லாமல் வாங்கியே தீருவேன் என்பவருக்கு என் தேர்வு, மதிப்புரைகள் ‘போதும்’ பட்டியலில் தள்ளிய பெரிஞ்சர் எஸ்.எஃப். 300. இதன் வம்சாவளி பூத்ரியாருக்கே விருந்து. ஜப்பானில் செய்யப்பட்டு யூனிவாக்ஸ் பெயரில் 1960களின் கடைசியில் வந்த சூப்பர்-ஃபஸ். அதன் வழியில் 1990களில் பாஸ் கம்பெனி செய்த எஃப்.இசட். 2; அதைப் பார்த்துச் செய்யப்பட்டது இது. போலியின் போலி. சூப்பர்-ஃபஸ்ஸே மேல் ஸ்தாயியை ஒட்டவைத்து வேறு எதையோ பாவனை செய்த பெட்டிதான். கூடு பிளாஸ்டிக், ஓங்கி மிதித்தால் தாங்குமென்று உத்தரவாதம் தரமாட்டேன். ஆனால் ஆரம்பிக்கிறவருக்கு வேண்டிய இரண்டு இதில் இருக்கின்றன. கீழ் ஒலிக்கும் மேல் ஒலிக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு இருப்பதால் சின்ன ஆம்ப்ளிஃபையரின் கடுகை அடக்கலாம். இரண்டு விதக் கரகரப்பும், கரகரப்பில்லாத ஒரு ஊக்கமும் ஒரே பெட்டியில் இருப்பதால் தன் காதுக்கு எது பிடிக்கிறதென்று மூன்று பெட்டி வாங்காமலே கண்டுபிடிக்கலாம். மேல் ஸ்தாயி ஒட்டிக்கொள்கிற அந்த ஒலி, தனி ஸ்வரத்தில் வாசிக்கிறபோது, முகவீணைக்குக் கிட்டத்தில் வருகிறது. ஹென்ட்ரிக்ஸுக்குக் கிட்டத்தில் வருகிறதா என்று கேட்பவர்கள் வேறு பெடல் பார்க்கலாம்.

செல்போனிலேயே ஐம்பது பெடல் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ராத்திரி ஹெட்போனில் பழக உதவும். திரையில் அந்த ஐம்பதும் அசல்களின் படங்களோடு, அதே வரிசையில்தான் வருகின்றன.

மேடையில் வாசிக்கப் போகிறவர் ஒன்று செய்ய வேண்டும். சாயங்காலமே மைக் செட்டுக்காரரைப் பார்த்து, “அண்ணே, இது இப்படித்தான் கேக்கும், ஒயர் லூசு இல்ல” என்று சொல்லி, ஒருமுறை வாசித்தும் காட்டிவிட வேண்டும். சொல்லாவிட்டால், ஊர் முழுக்கக் கரகரக்கிற குழாயைக் கட்டியவரே, முதல் ஸ்வரத்தில் எழுந்து வந்து கிட்டாரின் லைனைப் பிடுங்கிப் பார்ப்பார்.